நீலத் தட்டின் இரண்டு கதைகள்

1

பிரதி என்ற சொல்லை நாம் இரண்டு அர்த்தங்களில் புழங்குகிறோம். பத்திரப் பதிவு ஆபீசில் பிரதி என்றால் நகல். விமர்சனக் கட்டுரையில் பிரதி என்றால் வாசிப்புக்கு உள்ளாவது, டெக்ஸ்ட். இரண்டும் ஒரே சொல்லில் வந்து மாட்டிக்கொண்டதில் சில சமயம் குழப்பம் நேர்கிறது. ஆனால் இங்கே பேசப்போகும் பொருளுக்கு இரண்டு அர்த்தமும் சேர்ந்தே தேவைப்படுகின்றன. பொருள் ஒன்றும் பெரிதல்ல. சாப்பிடுகிற தட்டு. 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில் லட்சக்கணக்கில் சுட்டு எடுக்கப்பட்ட, வெள்ளை மண்ணில் நீலப் படம் அச்சான தட்டு.

இவற்றில் மிகப் பரவலானது 'வில்லோ' தட்டு. கிளைகள் தொங்கும் ஒரு வில்லோ மரம், அடுக்குக் கூரையுள்ள ஒரு சீன மாளிகை, பழம் காய்த்த மரம், முன்னால் ஒரு வேலி, பாலத்தின் மேல் மூன்று பேர், ஒரு படகு, மேலே இரண்டு பறவைகள். இந்தப் படத்துக்கு ஒரு கதை உண்டு. பணக்கார மாண்டரின் ஒருவரின் மகள் கூங்-ஸே, அவரிடம் வேலை பார்த்த சாங் என்பவனைக் காதலிக்கிறாள். அப்பன் அவளுக்கு ஒரு கிழட்டுப் பிரபுவை மாப்பிள்ளை பார்க்கிறான். காதலர்கள் ஓடுகிறார்கள். பாலத்தில் முன்னால் போகிறவள் கையில் இருப்பது நூற்கிற கழி, அடுத்தவன் கையில் நகைப்பெட்டி, பின்னால் துரத்துகிற அப்பன் கையில் சாட்டை. கடைசியில் அவனைச் சிப்பாய்கள் கொல்ல, அவள் வீட்டுக்குத் தீ வைத்துக்கொண்டு சாக, தெய்வங்கள் இருவரையும் புறாக்களாக மாற்றிவிடுகின்றன. மேலே பறக்கும் இரண்டு பறவைகள் அவர்கள்தான்.

பழைய சீன ஐதீகம் என்று சொல்லித்தான் இந்தக் கதை உலவியது, இன்றும் உலவுகிறது. சீனாவில் அப்படி ஒரு கதை கிடையாது. படம், ஜோசையா ஸ்போட் என்பவருடைய தொழிற்சாலையில் 1790 வாக்கில் வடிவம் பெற்றது. சீனத்திலிருந்து இறக்குமதியான பாண்டங்களின் படங்களைப் பார்த்து, அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் எடுத்துச் சேர்த்த படம். கதையோ 1849இல் லண்டனில் 'ஃபேமிலி ஃபிரெண்ட்' என்ற குடும்பப் பத்திரிகையில் அச்சானது. அதாவது படம் வந்து ஏறக்குறைய அறுபது வருஷம் கழித்து, அந்தப் படத்தை உட்காரவைத்துக் கதை கட்டியிருக்கிறார்கள்.

மூலமில்லாத பிரதி, பிரதிக்குப் பிறகு வந்த மூலம் என்று இதைச் சொல்லிக் கைதட்டிவிட்டுப் போய்விடலாம். அது சுலபம். சீன நீலப் பாண்டமே 14ஆம் நூற்றாண்டில் பாரசீகத்துக் கோபால்ட்டைக் கொண்டு வரையப்பட்டது. பிறகு அது ஐரோப்பியச் சந்தையின் ருசிக்கேற்பத் திருத்தப்பட்டது. நாம் சொல்லும் பீங்கான் என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து வந்ததுதான். மலாய் மொழியிலும் தட்டுக்குப் 'பிங்கான்' என்றுதான் பெயர். மூலத்தைத் தேடிப் போனால் போய்க்கொண்டே இருக்கலாம். நம் கேள்வி வேறு. அறுபது வருஷம் கதையில்லாமல் சோறு போட்ட தட்டுக்கு 1840களில் ஏன் ஒரு கதை தேவைப்பட்டது? அதே பத்தாண்டில் அதே தட்டைப் பற்றி எழுதப்பட்ட இன்னொரு கதை எங்கே போயிற்று?

2

முதலில் தொழில்நுட்பம். படங்களின் மறுஉற்பத்தி என்று பேச ஆரம்பித்தால் லித்தோகிராஃப், புகைப்படம், சினிமா என்று ஒரு வரிசை நம் வாயில் வந்துவிடுகிறது. வால்டர் பெஞ்சமின் 1936இல் வெளியிட்ட கட்டுரை தந்த வரிசை அது. அதில் தட்டுக்கு இடமில்லை. ஆனால் லித்தோகிராஃபுக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே அச்சுப்படம் மண்பாண்டத்தில் ஏறிவிட்டது. சுவரில் ஓவியம் மாட்ட வக்கில்லாத வீட்டுக்கும் அது தட்டு வழியாகப் போய்ச் சேர்ந்தது.

1756இல் லிவர்பூலில் ஜான் சேட்லர், கை கிரீன் என்ற இரண்டு பேர் சத்தியம் செய்து ஒரு வாக்குமூலம் கொடுத்தார்கள். அந்த வருஷம் ஜூலை 27ஆம் தேதி, காலை 9 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில், வேறு யார் உதவியும் இல்லாமல், சுவரில் பதிக்கும் ஓடுகள் 1200க்கு மேல் படம் அச்சிட்டோம் என்பது சாரம். தேர்ந்த பாண்ட ஓவியர்கள் நூறு பேர் சேர்ந்தாலும் அதே நேரத்தில் இத்தனை வரைய முடியாது என்றும் அதில் இருக்கிறது. படம் அழகாக இருக்கிறது என்பதற்குக் கொடுக்கப்பட்ட சான்று அல்ல இது. எத்தனை ஓவியர்கள் இனித் தேவையில்லை என்பதற்கான சான்று. இந்தக் கலையின் பிறப்புப் பத்திரமே ஒரு ஆட்குறைப்புக் கணக்காக இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

சேட்லரும் கிரீனும் அச்சிட்டது கண்ணாடிப் பூச்சின் மேல். பாண்டத்தை மெருகேற்றிச் சுட்ட பிறகு படத்தை ஒற்றி, மறுபடி லேசாகச் சுடுவது. 1760களில் ஜோசையா வெட்ஜ்வுட் தன்னுடைய வெண்ணெய் நிறப் பாண்டங்களை லிவர்பூலுக்கு அனுப்பி இப்படித்தான் படம் போட்டு வாங்கினார். இதில் ஒரு குறை. மேலே இருக்கிற படம் கத்தி பட்டுப் பட்டுத் தேய்ந்துபோகும். இதைத் தீர்த்தவர்களில் முக்கியமானவர் ஸ்டோக் ஊரில் தொழில் செய்த ஸ்போட். காஃப்லி தொழிற்சாலையிலிருந்து வந்த தாமஸ் லூக்காஸ் என்ற செதுக்குவேலைக்காரரையும் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் என்ற அச்சாளரையும் வைத்துக்கொண்டு, 1784 வாக்கில் மண்பாண்டத்தில் பூச்சுக்கு அடியில் நீலப்படம் அச்சிடும் முறையை அவர் நிலைப்படுத்தினார். நீலம் மட்டும் ஏன் என்றால், பூச்சுக்கு அடியில் அந்தச் சூட்டைத் தாங்கி நின்ற நம்பகமான நிறம் அப்போது கோபால்ட் நீலம்தான். பச்சை, பழுப்பு, ரோஜா நிறமெல்லாம் 1820களுக்குப் பிறகு பரவலானவை.

வேலை நடக்கிற விதம் இது. செப்புத் தகட்டில் படத்தைக் கோடும் புள்ளியுமாகச் செதுக்க வேண்டும். ஒரு தகட்டுக்கு வாரக்கணக்கில் ஆகும். தகட்டை அடுப்பில் சூடாக்கி, எண்ணெயில் குழைத்த நீலத்தைத் தேய்த்து, மேலே இருப்பதை வழித்து எடுத்தால் குழிகளில் மட்டும் மை நிற்கும். சோப்புக் கரைசல் தடவிய மெல்லிய தாளை அதன்மேல் வைத்து உருளையில் கொடுத்தால் படம் தாளுக்கு வரும். ஈரம் காய்வதற்குள் தாளைக் கத்தரித்து, நடுப்படம் தனியாக, விளிம்புப் பட்டை தனியாக, ஒருமுறை சுட்ட தட்டில் பொருத்தி, விறைப்பான பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பிறகு தண்ணீரில் முக்கினால் தாள் கழன்றுவிடும். படம் தட்டோடு தங்கும். எண்ணெய் எரிந்துபோகும்வரை லேசாகச் சுட்டு, கண்ணாடிப் பூச்சுக் குழம்பில் முக்கி, மறுபடி சூளை.

தொழிற்புரட்சி என்றதும் நீராவி இயந்திரம் மனிதனைத் தூக்கி வெளியே எறிந்தது என்று ஒரு பாடப்புத்தகச் சித்திரம் நமக்கு இருக்கிறது. இங்கே நடந்தது அப்படியல்ல. களிமண்ணும் சிக்கிமுக்கிக் கல்லும் அரைக்கிற இடத்தில் இயந்திரம் வந்தது. மற்ற இடங்களில் வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஜோடிக் கை வந்தது. தகட்டில் மை போடுகிற அச்சாளர் ஆண். தாளைத் தட்டில் ஒற்றுகிறவர்கள் பெண்கள். தாளைக் கத்தரிக்கிறவள் சிறுமி. தட்டு வனைகிறவரின் அச்சுகளைச் சுமந்துகொண்டு, அனல் வீசும் உலர்த்தறைக்கும் சக்கரத்துக்கும் நடுவே நாள் பூராவும் ஓடுகிறவன் சிறுவன். 'மோல்டு ரன்னர்' என்றே அவனுக்குப் பெயர். அவனுக்குக் கூலி கொடுப்பது முதலாளி அல்ல, தட்டு வனைகிற தொழிலாளி. அந்தத் தொழிலாளிக்குக் கூலி, சூளையிலிருந்து பழுதில்லாமல் வெளிவந்த தட்டுகளுக்கு மட்டும். சூளைக்காரர் தவறால் உடைந்தாலும் நட்டம் வனைந்தவருக்கு. இந்த ஏற்பாட்டை எதிர்த்து 1836இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது.

3

படங்கள் எங்கிருந்து வந்தன? ஆரம்பத்தில் சீனாவிலிருந்து. கிழக்கிந்தியக் கம்பெனி சீனப் பீங்கானை மொத்தமாக இறக்குமதி செய்வதை 1791இல் நிறுத்தியது. 1784இல் தேயிலை வரி 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருந்ததால், தேநீர் சாதாரண வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த நேரம். கோப்பையும் தட்டும் வேண்டும். சீனாவிலிருந்து வருவது நின்றுவிட்டது. அந்த வெற்றிடத்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் நுழைந்தது. ஆங்கிலேய வியாபாரிகள் சீன நீலப் பாண்டத்தை 'நான்கின்' என்று அழைத்தார்கள், நான்ஜிங் நகரின் பெயரால். இந்தப் பெயர் பின்னால் மறுபடி வரும்.

அடுத்தபடியாகப் புத்தகங்களிலிருந்து. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் வெளியான விலையுயர்ந்த படப்புத்தகங்களைத் தொழிற்சாலைகள் வாங்கி, பக்கத்தைப் பார்த்துச் செப்புத் தகட்டில் செதுக்கிவிட்டன. யாரையும் கேட்க வேண்டியதில்லை. வங்காளப் படையில் இருபது வருஷம் இருந்த கேப்டன் தாமஸ் வில்லியம்சன், இந்திய வேட்டைகள் பற்றி சாமுவேல் ஹோவிட்டின் படங்களோடு ஒரு புத்தகம் கொண்டுவந்தார். 1807இல் முற்றுப்பெற்ற அந்தப் புத்தகத்திலிருந்து ஸ்போட் தொழிற்சாலை ஒரு முழு வரிசையே அச்சிட்டது. சாப்பாட்டுத் தட்டில் கரடி சாகிற காட்சி. இறைச்சியைத் தின்று முடித்தால் அடியில் வேட்டை தெரியும்.

மதுரையும் தட்டில் ஏறியிருக்கிறது. தாமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியமும் 1792இல் தென்னிந்தியாவில் சுற்றியபோது மதுரையை வரைந்தார்கள். 1795க்கும் 1808க்கும் இடையில் தொகுதி தொகுதியாக வெளிவந்த அவர்களுடைய 'ஓரியண்டல் சீனரி'யில் அந்தக் காட்சிகள் இருக்கின்றன. லிவர்பூலில் இருந்த ஹெர்குலேனியம் தொழிற்சாலை அதிலிருந்து மதுரைக் கோட்டைக் காட்சியை எடுத்து, நீலத்தில் அச்சிட்டு, சாப்பாட்டுப் பாத்திரமாக விற்றது. மதுரையைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு குடும்பம் மதுரையின் மேல் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டது. இதைச் சொல்லி நாம் கோபப்படுவதில் பெரிய அர்த்தம் இல்லை. பக்கத்துத் தட்டில் இத்தாலிய இடிபாடு; அதற்கடுத்ததில் அமெரிக்கச் சந்தைக்காகவே அச்சிட்ட நியூயார்க் துறைமுகம். எல்லா ஊரும் ஒரே நீலத்துக்குள், ஒரே அளவுக்குள் வந்துவிடுகிறது. தூரம், சரித்திரம், ஆட்சி எல்லாம் கழன்றுபோய் 'காட்சி' என்பது மட்டும் மிஞ்சுகிறது. எட்வர்ட் சையது 1978இல் எழுதியபோது அவருக்கு முன்னால் இருந்தவை புத்தகங்கள். புத்தகம் படிக்காதவர்களிடமும் கீழைத்தேயம் என்ற கற்பனையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது தட்டு.

இங்கே இன்னொரு விஷயம். மையம், விளிம்பு என்று நாம் ஓயாமல் பேசுகிறோமே, இந்தத் தட்டில் அது நேரடியாகவே இருக்கிறது. ஒரே வரிசையில் வந்த தட்டுகளில் நடுப்படம் மாறிக்கொண்டே இருக்கும். அது எவரிடமிருந்தோ எடுத்தது. விளிம்பு மாறாது. எந்தத் தொழிற்சாலையின் எந்த வரிசை என்பதை முத்திரை இல்லாத தட்டுகளில்கூட விளிம்பை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். மையம் களவு, விளிம்புதான் சொந்தக் கையெழுத்து.

4

1842 ஆகஸ்ட் மாதத்தில் மூன்று காரியங்கள் நடந்தன.

ஆகஸ்ட் 10. வடிவமைப்புகளுக்கான காப்புரிமைச் சட்டம் நிறைவேறியது. இனி ஒரு தொழிற்சாலை தன் வடிவத்தைப் பதிவு செய்து, குறிப்பிட்ட காலத்துக்கு அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். புத்தகப் படங்களைத் தாராளமாக எடுத்துச் செதுக்கிய காலம் ஏறக்குறைய இதோடு முடிந்தது. அதன் பிறகு தட்டுகளில் பெயரில்லாத, எந்த ஊரும் அல்லாத, கற்பனையான ஏரிகளும் கோபுரங்களும் பெருகின.

ஆகஸ்ட் 16. ஸ்டாஃபோர்ட்ஷயர் பாண்ட நகரங்கள் ஆறு: டன்ஸ்டால், பர்ஸ்லெம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன். கோடையில் சுரங்க முதலாளிகள் கூலியைக் குறைத்ததும் நிலக்கரித் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கரி இல்லையென்றால் சூளை இல்லை. பாண்டத் தொழிலும் நின்றது. சாசன இயக்கத்துக்காரரான தாமஸ் கூப்பர் ஹான்லியில் பேசினார். கலவரம் பரவியது. 16ஆம் தேதி பர்ஸ்லெமில் கூட்டத்தின் மேல் ராணுவம் சுட்டதில் ஒரு இளைஞன் செத்தான். பின்னால் நடந்த விசாரணையில் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் கடல்கடந்து நாடு கடத்தப்பட்டார்கள்.

ஆகஸ்ட் 29. நான்கிங் ஒப்பந்தம். இந்தியாவில் விளைந்த அபினைக் கம்பெனி ஏலம் விட, கடத்தல் வியாபாரிகள் அதைச் சீனாவுக்குள் கொண்டுபோக, அந்தப் பணத்தில் தேயிலை வாங்கப்பட்டது. சீன அரசு அபினைத் தடுத்து அழித்ததும் பிரிட்டன் போர் தொடுத்தது. தோற்ற சீனா ஹாங்காங்கைக் கொடுத்தது, ஐந்து துறைமுகங்களைத் திறந்தது, 2 கோடியே 10 லட்சம் டாலர் கட்டியது. எந்த நகரத்தின் பெயரால் நீலப் பாண்டத்தை அழைத்தார்களோ அந்த நகரத்தின் முன்னால், ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கையெழுத்து ஆனது.

ஒரே மாதத்தில் நடந்தன என்பதற்காக இவற்றுக்குள் ரகசியத் தொடர்பு இருந்தது என்று சொல்ல வரவில்லை. தட்டு என்கிற பொருளைச் சுற்றியிருந்த மூன்று உறவுகள் ஒரே சமயத்தில் வெளியே தெரிந்தன என்பதுதான் விஷயம்: படம் யாருக்குச் சொந்தம், தட்டு செய்கிறவர்களை எப்படி அடக்குவது, படத்தில் இருக்கிற நாட்டை என்ன செய்வது.

இப்போது 1849இல் வந்த காதல் கதையை மறுபடி பார்க்கலாம். கூங்-ஸேயின் அப்பன் என்ன உத்தியோகம் பார்த்தான்? சுங்க இலாகாவில் அதிகாரி. கடத்தல் வியாபாரிகளிடம் லஞ்சம் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வதுதான் அவன் வேலை, அப்படித்தான் சொத்துச் சேர்த்தான் என்று கதை சொல்கிறது. கடத்தலுக்காக ஒரு போரையே நடத்தி முடித்த நாட்டில், ஏழு வருஷம் கழித்து, குடும்பப் பத்திரிகையில், கடத்தலின் பழி முழுவதும் சீனச் சுங்க அதிகாரியின் தலையில் விழுகிறது. தட்டில் இருப்பது வெறும் மரமும் வீடும். சாட்டையும் லஞ்சமும் கதையில் சேர்ந்தவை. காதலுக்காக அழுகிற வாசகன், அப்பனின் கொடுமையைப் பார்த்துச் சீனாவைப் புரிந்துகொண்டதாகவும் நினைத்துக்கொள்கிறான். போருக்குப் பின் தேவைப்பட்ட நியாயம் இப்படிச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. கதை கட்டியவர் இதைத் திட்டமிட்டுச் செய்திருக்க வேண்டிய அவசியமில்லை. கருத்தியல் என்பது திட்டமிடாமல் எழுதும்போதுதான் சரளமாக வரும்.

5

இன்னொரு கதை இருக்கிறது என்றேன். தொழிற்சாலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்யும் குழந்தைகளைப் பற்றி விசாரிக்க 1840இல் ஒரு அரசாங்கக் குழு அமைக்கப்பட்டது. பாண்ட நகரங்களுக்கு வந்தவர் சாமுவேல் ஸ்கிரைவன். அச்சுக்கூடங்களுக்கும் பூச்சுக்கூடங்களுக்கும் போய், குழந்தைகளை ஒவ்வொருவராக நிறுத்தி, எத்தனை வயது, எத்தனை மணிக்கு வருகிறாய், எப்போது போகிறாய், படிக்கத் தெரியுமா, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டு எழுதினார். 1843இல் அது நாடாளுமன்ற ஆவணமாக வெளியானது. தாள் கத்தரிக்கும் சிறுமிகளும் அச்சு சுமந்து ஓடும் சிறுவர்களும் தன்மையில் பேசுகிற பக்கங்கள் அவை. வில்லோ தட்டுக்கு உண்மையிலேயே ஒரு கதை உண்டென்றால் இதுதான். கதாபாத்திரங்களும் ஏறக்குறைய அதேதான்: ஒரு பெண், ஓடுகிற ஒரு பையன், பின்னால் சாட்டை.

இருபது வருஷம் கழித்து 1863இல் வந்த அடுத்த விசாரணை அறிக்கையை வைத்துத்தான் மார்க்ஸ் 'மூலதன'த்தின் வேலைநாள் அத்தியாயத்தில் இந்த நகரங்களைப் பற்றி எழுதுகிறார். அதில் ஒரு 9 வயதுப் பையன் வருகிறான். 7 வயது 10 மாதத்தில் வேலைக்கு வந்தவன். காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை அச்சு சுமந்து ஓடுகிறான். 1843க்கும் 1863க்கும் இடையில் எதுவும் மாறவில்லை. தொழிற்சாலைச் சட்டம் பாண்டத் தொழிலுக்கு நீட்டிக்கப்பட்டது 1864இல்தான்.

ஆனால் மூச்சு வாங்க ஓடியது மட்டும் கதையல்ல. கண்ணாடிப் பூச்சு என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு வந்தோமே, அதில் என்ன இருந்தது? காரீயம். நம் ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது வெள்ளீயம், அது வேறு. இது காரீயத் தூள் கலந்த குழம்பு. முக்குகிறவர் தட்டைக் கையில் பிடித்து முழங்கைவரை அதில் விடுவார், நாள் முழுக்க. காய்ந்த பூச்சின் மிகுதியைச் சுரண்டி எடுக்கிற பெண்கள் அந்தத் தூசியைச் சுவாசிப்பார்கள். முதலில் வயிற்று வலி. பிறகு மணிக்கட்டு துவண்டு கை தொங்கிவிடும். வலிப்பு வரும். சிலருக்குக் கண் போகும். பெண்களுக்குக் கரு தங்காது.

இதில்தான் நம் தட்டின் முடிச்சு இருக்கிறது. பூச்சுக்கு மேல் இருந்த படம் தேய்ந்தது. பூச்சுக்கு அடியில் போன படம் இருநூறு வருஷம் கழித்தும் அப்படியே இருக்கிறது. ஸ்போட் முறையின் பெருமை என்று பீங்கான் சரித்திரங்கள் எழுதுவது இந்த நிலைத்தன்மையைத்தான். அந்த நிலைத்தன்மையைக் கொடுத்தது காரீயப் பூச்சு. அழியாத படம், அழிகிற கை இரண்டும் ஒரே தொட்டியிலிருந்து வந்தன. இது உருவகமில்லை, ரசாயனம்.

வேறு வழி தெரியாமல் செய்தார்களா? 1820இல் கோல்போர்ட்டைச் சேர்ந்த ஜான் ரோஸ், காரீயம் சேராத பூச்சைப் பீங்கானுக்காகக் கண்டுபிடித்து, லண்டன் கலைச் சங்கத்தின் தங்கப் பதக்கம் வாங்கினார். 1895இல் தொழிற்சாலைகளில் நேரும் காரீய நஞ்சை மருத்துவர்கள் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 1899இல் தோர்ப், ஆலிவர் என்ற இரண்டு நிபுணர்கள் அரசாங்கத்துக்குக் கொடுத்த அறிக்கை, பெரும்பாலான பாண்டங்களைக் காரீயமில்லாமலே மெருகேற்றலாம் என்றது. முதலாளிகள் நிறம் கெடும், தொழில் போய்விடும் என்றார்கள். கரைந்து உடம்பில் ஏறும் காரீயப் பூச்சு ஒரேயடியாக விலக்கப்பட்டது 1947இல். நமக்கு வேறு காரணத்துக்காக நினைவிருக்கிற வருஷம். பதக்கத்துக்கும் தடைக்கும் நடுவில் 127 ஆண்டுகள்.

6

ஒரே பத்தாண்டில், ஒரே தட்டுக்கு, இங்கிலாந்து இரண்டு கதைகள் எழுதியது. 1843இன் கதை நாடாளுமன்ற அலமாரியில் தூங்கியது. 1849இன் கதை நாடகமாக, குழந்தைப் பாட்டாக, புத்தகமாகப் பரவியது. 20ஆம் நூற்றாண்டில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் வில்லோ தட்டை அச்சிட்டு அமெரிக்காவுக்கு அனுப்பியபோது கதையும் கூடவே போனது. கீழைத்தேயத்தைப் பற்றி ஆங்கிலேயர் கட்டிய பொய்யை ஒரு கீழைநாடே சுட்டு விற்றது. 2008இல் ஸ்டோக்கில் ஸ்போட் தொழிற்சாலை திவாலாகி மூடியபோதும் அங்கே ஆயிரக்கணக்கான செப்புத் தகடுகள் இருந்தன. தகடு மிஞ்சியது. தாளை ஒற்றிய பெண்களில் ஒருத்தியின் பெயரையாவது நாம் சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறோமா?

பெயர்கள் முற்றிலும் இல்லாமல் போகவில்லை. சார்லஸ் ஷா என்பவர் 1903இல் தன் இளமைக்காலத்தைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். டன்ஸ்டாலில் அச்சு சுமந்து ஓடிய பையன். 1842 வேலைநிறுத்தத்துக்குப் பின் அப்பாவுக்கு வேலை போய், பத்து வயதில் குடும்பத்தோடு ஏழைகள் விடுதிக்குப் போனவன். பிறகு மத போதகராகி, வயதான காலத்தில் எழுதினார். ஓடியவன் எழுதினான். ஒற்றியவள், கத்தரித்தவள், முக்கியவள் எழுதவில்லை. நாம் இங்கே வைத்திருக்கும் அச்சுத்தொழில், இலக்கியம் பற்றிய வரலாறுகளிலும் இதே பாகுபாடு இருக்கிறது: தகடு செதுக்கியவருக்கு ஒரு பெயர், முதலாளிக்கு ஒரு முத்திரை, ஒற்றியவளுக்கு ஒன்றுமில்லை.

அழகியல் வேண்டாம், பொருளாதாரத்தை மட்டும் பார் என்று இதற்கு ஒரு சுலபமான பதில் உண்டு. அதுவும் போதாது. தட்டை அரசாங்க அறிக்கையாக மட்டும் வாசித்தால், அரைக்காசு கூலிக்காரனும் தன் வீட்டு அலமாரியில் ஒரு நீலத் தட்டை ஏன் நிறுத்திவைத்தான் என்பதை விளங்கிக்கொள்ள முடியாது. அந்த நீலம் உண்மையிலேயே அழகானது. அழகும் வேண்டும் என்று கேட்பதற்கு ஏழைக்கும் உரிமை உண்டு. அந்த ஆசையைப் பரிகாசம் செய்கிற விமர்சனம், கடைசியில் ரசனை உள்ளவர்களுக்கு மட்டும் அழகு என்ற இடத்தில் போய் முடியும். அழகைத் தள்ளிவிடாமல் அதன் செலவையும் சேர்த்துப் படிப்பது எப்படி என்பதுதான் கஷ்டமான காரியம்.

அதற்கு ஓர் இடம் தட்டிலேயே இருக்கிறது. விளிம்புப் படம் ஒரு நீளமான பட்டையாகத் தாளில் வரும் என்றேன். வட்டமான தட்டைச் சுற்றி அதை ஒட்டும்போது இரண்டு முனையும் ஓர் இடத்தில் சந்திக்க வேண்டும். அநேகமாகச் சரியாகச் சந்திக்காது. ஒரு பூ பாதியில் வெட்டுப்படும், கோடு கோட்டோடு சேராமல் நிற்கும், சில தட்டுகளில் தாள் மடிந்த இடம் வெள்ளைக் கீறலாக விழுந்திருக்கும். நல்ல தொழிற்சாலைகள் ஒட்டுத் தெரியாமல் செய்யப் பார்த்தன. மலிவான தட்டுகளில் அதற்கு நேரமில்லை. சேகரிப்பாளர்கள் இதைப் பழுது என்கிறார்கள். செப்புத் தகட்டிலிருந்து வந்த கோடுகள் எல்லாத் தட்டிலும் ஒன்றுதான். ஆனால் இந்த ஒட்டு ஒவ்வொரு தட்டிலும் வேறு. அன்றைக்கு அந்த மணி நேரத்தில், கூலிக் கணக்கு துரத்த, ஈரத்தாள் காய்வதற்குள் ஒரு பெண் தன் கையால் முடிவெடுத்த இடம் அது. ஆயிரம் பிரதிகளில் திரும்ப வராதது அது ஒன்றுதான்.

கதை கேட்கிறவர்கள் தட்டின் நடுவைப் பார்க்கட்டும். நாம் விளிம்பில் அந்த ஒட்டைத் தேடிப் பார்க்கலாம்.